தோற்றவர்கள் கோப்பை கழுவிய ஞாயிறு

குளிர்காலத்தில் கொல்ஃப் கிளப்பில் கொல்ஃப் மட்டும்தான் இல்லை; மற்றதெல்லாம் உண்டு. புல் பனிக்கு அடியில் போனதும் இனி யார் வரப்போகிறார்கள், கொஞ்சம் மூச்சு விடலாம் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நவம்பரில் நினைத்தேன். என்னுடைய மடத்தனம். கோடையில் வருகிறவர்கள் பந்தை அடித்து, ஒரு பியரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். குளிர்காலத்தில் வெளியே நிற்க ஏலாமல் மத்தியானம் முழுக்க உள்ளே குந்தியிருந்து தின்றார்கள். செவ்வாய்க்கிழமை சீட்டாட்டம், வியாழக்கிழமை பெண்களின் கேக்கும் கோப்பியும், சனிக்கிழமை மைதானத்தைச் சுற்றி நீளச் சறுக்குக் கட்டையில் ஒரு வட்டம் போய்வந்து சூடான வைன். எங்கே எதைத் தின்றாலும் தின்ற தட்டு, கோப்பை எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும்.

நான் அந்தக் குசினியில் கழுவுகிற ஆள். மியூனிக்குக்கு வடக்கே, எஸ்-பான் என்கிற புறநகர் ரயில் நிறுத்தத்திலிருந்து இருபத்தைந்து நிமிஷம் நடந்து போகவேண்டிய இடம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாள்தோறும் புழங்கும் கோப்பைகளுக்கு மெஷின் இருந்தது. பொன் கரை போட்ட விருந்துக் கோப்பைகள், நீளக் கால் வைத்த வைன் கிளாஸ்கள், இறைச்சி வாட்டிய தட்டங்கள், பெரிய சட்டிகள் எல்லாம் கையால்தான். குசினிக்குத் தலைவர் சமையல்காரர். பக்கத்து ஊரில் வயல் வைத்திருந்த கமக்காரரின் மகன், கதவு நிறைந்த ஆள். வாயைத் திறந்தால் ஏச்சுத்தான் வரும், ஆனால் மனதில் ஒன்றும் வைத்திருக்கமாட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுக்க அந்த ஏச்சிலிருந்து பொறுக்கியது. அவர்கள் எல்லோரும் பேசியதை எங்கள் பேச்சிலேயே இங்கே எழுதுகிறேன். என் காதுக்குள் அது அப்படித்தான் இறங்கியது.

அங்கே குளிர்காலத்தின் பெரிய நாள் பெப்ரவரியில் ஒரு ஞாயிறு. மைதானத்தின் நடுவில் ஒரு குளம் உண்டு. கோடையில் அது உறுப்பினர்களின் பந்துகளை விழுங்கும். ஜனவரியில் இறுகி உறைந்துவிடும். புல் பார்க்கிறவர் துளை போட்டு, ஒரு சாண் கனம் வந்துவிட்டது என்று சொன்னதும், மேலே கிடக்கும் பனியைத் தள்ளி நீளமாக ஒரு பாதை போடுவார்கள். ஐஸ் ஸ்டொக் விளையாட்டுக்கு அவ்வளவு போதும். ஸ்டொக் என்பது கைபிடி வைத்த கனமான மரக் குத்தி. குனிந்து அதை உறைந்த தண்ணீர்மேல் வழுக்கிவிட வேண்டும். மறு தலைப்பில் கீறிய சதுரத்தின் நடுவில் சின்ன வட்டக் கட்டை ஒன்று இருக்கும். அதற்கு அவர்கள் என்னவோ பெயர் வைத்திருக்கிறார்கள், நான் குட்டி என்பேன். எந்தப் பக்கத்தின் ஸ்டொக் குட்டிக்குக் கிட்ட நிற்கிறதோ, அந்தச் சுற்று அந்தப் பக்கத்துக்கு. பக்கத்துக்கு நாலு பேர், மொத்தம் ஏழு சுற்று.

எதிர்ப்பக்கம் பக்கத்து ஊர்க் கிளப். அவர்களுக்குக் குளம் இல்லை. அதனால் ஒவ்வொரு வருஷமும் எங்களிடம் வருவார்கள். தோற்ற பக்கம் ஏப்ரன் கட்டி, வென்ற பக்கத்துக்குப் பரிமாறி, எல்லாக் கோப்பையையும் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டுத்தான் போகவேண்டும் என்பது அங்கத்தைய வழக்கம். அதை ஒரு தாளில் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலில் கொளுவியிருந்தார்கள். வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். நான் இருந்த நாலு குளிர்காலமும் எங்கள் பக்கம் தோற்றது. நாலு முறையும் கிளப் தலைவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு குசினிக்குள் வந்தார். ஒரு கோப்பையைத் தண்ணீரில் தோய்த்துச் சிரித்தார். ஒருவர் படம் எடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஏப்ரனைக் கழற்றிக் கதவில் போட்டுவிட்டுப் பாட்டுப் பாடப் போய்விட்டார்கள். மிச்சம் அறுபது பேரின் கோப்பையும் கிளாஸும் சட்டியும் நான். நாலு வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினேன். கை வெடித்தது, வாய் திறக்கவில்லை.

ஐந்தாவது வருஷம் ஜனவரியில் இத்தாலியிலிருந்து அண்ணையின் கடிதம் வந்தது. எனக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணை. ஒன்பது வருஷமாக நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் விசாவில் நான் ஜெர்மனியை விட்டு வெளியே போக ஏலாது, அவருடைய பேப்பரில் அவர் உள்ளே வர ஏலாது. கடிதமும், மாதம் ஒருமுறை காசு போட்டுப் பேசும் ஐந்து நிமிஷமும்தான் எங்கள் உறவு. இப்போது அவருக்கு டென்மார்க்கில் மனைவியோடு போய்ச் சேர அனுமதி கிடைத்திருந்தது. ரயில் மியூனிக்கில் மாறவேண்டும். ஞாயிறு ஐந்து ஐம்பதுக்கு வந்து ஏழு பதினைந்துக்குப் போவார். திங்கட்கிழமை அங்கே அலுவலகத்தில் நிற்கவேண்டும், ஒரு நாள்கூடத் தங்க வழியில்லை. ஒரு மணித்தியாலம் இருபத்தைந்து நிமிஷம். கடிதத்தில் திகதியைப் பார்த்தேன், சுவரில் கலண்டரைப் பார்த்தேன். அதே ஞாயிறு.

சமையல்காரரிடம் லீவு கேட்டேன். கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"அண்டைக்கு மட்டும் ஏலாது. வேறை எந்த நாள் எண்டாலும் எடு. அறுபது பேர் வருவினம், உன்னை விட்டால் கழுவ ஆர் இருக்கினம்?"

வீட்டில் என் மனுசன் சுலபமாக வழி சொன்னார். "காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டு நில்லன்." குசினியில் எனக்கு முந்திக் கழுவியவள் அப்படிச் சொல்லிப்போட்டு நின்றுதான் வேலையை இழந்தாள், அந்த இடத்துக்குத்தான் நான் வந்தேன். அதைவிட அந்த மாதம் என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கவேண்டும், அந்தத் தாளைக் காட்டித்தான் விசாவும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னார்.

"அப்ப நானும் பிள்ளையும் போய்ப் பாக்கிறம். நீ அடுத்த முறை பாரன்."

"அடுத்த முறை எண்டு ஒண்டை நீங்கள் எங்கை கண்டனீங்கள்?" என்று கேட்டேன். அன்று இரவே அண்ணைக்கு எழுதினேன்: வரப் பார்க்கிறேன், கட்டாயம் என்று சொல்ல ஏலாது, இவரும் பிள்ளையும் வருவார்கள்.

அடுத்த நாள் குசினியில் எனக்குப் பொறுக்கமுடியவில்லை. வாசல் சட்டத்தைக் காட்டி, "உது என்னத்துக்கு உங்கை தொங்குது? வடிவுக்கோ?" என்று சமையல்காரரிடம் கேட்டேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. தோற்றவர்கள் கழுவவேண்டும் என்றுதானே எழுதியிருக்கிறது, எங்கள் தலைவரைக் கழுவச் சொல்ல ஏலாவிட்டாலும் எங்கள் ஆட்கள் வென்றால் வந்த பக்கம்தானே கழுவவேண்டும், நான் என்னத்துக்கு என்றேன். சிரி சிரியென்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"சரி. எங்கடை ஆக்கள் வெண்டால் நீ நாலு மணிக்குப் போ. மற்றப் பக்கத்தைக் கடைசிச் சட்டி வரைக்கும் கழுவ வைக்கிறது என்ரை பொறுப்பு. சொன்னால் சொன்னதுதான். ஆனால் இவை எங்கை வெல்லப் போகினம்?"

அந்தக் கேள்வி நியாயமானது. எனக்கு மத்தியானம் இரண்டரைக்கு அரை மணித்தியாலம் ஓய்வு. அன்றிலிருந்து அந்த அரை மணியும் குளத்தைப் பார்க்கும் ஜன்னலடியில் நின்றேன். எங்கள் ஆட்கள் ஏன் தோற்கிறார்கள் என்று பார்க்க மூன்று நாள் போதுமாக இருந்தது. அவர்கள் கொல்ஃப் விளையாடினார்கள். குழிக்குக் கிட்டப் பந்தை மெல்ல உருட்டிவிடுவார்களே, அதைத்தான் குளத்திலும் செய்தார்கள். குந்தியிருந்து ஒற்றைக் கண்ணை மூடிக் கோடு பார்ப்பது, எல்லோரும் மூச்சை அடக்குவது, பிறகு பூனையைத் தடவுவது மாதிரி ஒரு தள்ளு. ஸ்டொக் ஆடி அசைந்து போய்க் குட்டிக்கு மூன்று முழம் முன்னால் நின்றுவிடும். "நல்ல எறி" என்று எல்லோரும் சொல்வார்கள். மற்றவருடைய ஸ்டொக்கில் பட்டுவிட்டால் தொப்பியைத் தொட்டு மன்னிப்புக் கேட்பார்கள். விளையாட்டே தட்டி விலத்துகிற விளையாட்டு, இவர்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள். சமையல்காரர் இதைப் பார்த்தால் கோபம் வந்து ஜன்னல் திரையை இழுத்துவிடுவார்.

ஒரு நாள் ஒருவரும் இல்லாத நேரம் இறங்கிப் போய் ஒரு ஸ்டொக்கைத் தூக்கினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், கை தானாகவே வேலை செய்தது. ஊரில் வெளியே தலை நீட்ட முடியாத ஊரடங்கு நாட்களில் எங்கள் வீட்டில் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கரம் போர்ட். நானும் அண்ணையும் நாள் கணக்காக அடித்தோம். கரம் அடித்த கைக்கு ஒரு கட்டையைக் கண்டால் கிட்டப் போய் நிற்கத் தோன்றாது, அதை அடிக்கத்தான் தோன்றும். குட்டியைப் பார்த்தேன். விட்டேன் ஒரு அடி. குட்டி பறந்து சதுரத்தின் மூலைக்குப் போனது. பின்னால் படியில் நின்ற சமையல்காரர் கத்தினார்.

"விசரி, குட்டியையோ அடிக்கிறாய்?"

தப்புப் பண்ணிவிட்டேன் என்று கூசிப்போய் நின்றேன். அவர் இறங்கி வந்து குட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் தணிந்துவிட்டது.

"அடிக்கலாம். சட்டத்திலை இடம் இருக்கு. குட்டி சதுரத்துக்குள்ளை எங்கை போய் நிக்குதோ, அதுதான் பிறகு நடு. சதுரத்தை விட்டு வெளியிலை போனால் மட்டும் திரும்ப நடுவிலை வைப்பினம். எங்கடை அப்பாவின்ரை ஆக்கள் அடிப்பினம். இந்தக் கொல்ஃப்காரருக்கு அந்த எண்ணமே வராது."

குட்டியைத் திரும்ப நடுவில் கொண்டுபோய் வைத்தேன். அப்படியென்றால் என் ஸ்டொக் குட்டிக்குக் கிட்டப் போகவேண்டும் என்றில்லை. குட்டியை என் ஆட்களிடம் அனுப்பினாலும் போதும். இது எனக்குத் தெரிந்த விளையாட்டு.

இரண்டு கிழமை, ஒவ்வொரு ஓய்விலும், கையுறைக்குள் விரல் விறைக்க விறைக்க அடித்தேன். மேசையில் விரலால் சுண்டுவதும் குளத்தில் தோளிலிருந்து விடுவதும் ஒன்றில்லை. பலம் பிடிபடக் கிழமை ஒன்று போனது. கோணம் மட்டும் முதல் நாளே இருந்தது. எங்கள் பக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பல் டாக்டர் அம்மா. ஓய்வு பெற்றவர், எழுபது வயதுக்குக் கிட்ட, நெட்டையான மனுசி. ஒரு நாள் மயிர்த் தொப்பியோடு வந்து கரையில் நின்று பார்த்தார். நான் ஐந்து முறை அடித்த பிறகு கேட்டார்.

"எங்கை பழகினனீங்கள்?"

"வீட்டிலை. மேசையிலை" என்றேன். கையால் போர்ட்டைக் கீறிக் காட்டினேன். அவருக்கு விளங்கியது. அடுத்த நாள் தன்னுடைய மூன்று ஆண்களையும் கூட்டிவந்து எனக்கு முன்னால் நிறுத்தினார். நான் அடித்துக் காட்டினேன். மூவரும் தலையாட்டினார்கள், மிக அருமை என்றார்கள், பிறகு குந்தியிருந்து கோடு பார்த்து மெல்லத் தள்ளினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. என் அண்ணையின் ஒரு மணித்தியாலம் இருபத்தைந்து நிமிஷமும் இந்த மூன்று பேரின் கையில் என்று நினைக்க அழுகை வந்தது. குசினிக்குப் போய்ச் சட்டியை மினுக்கினேன்.

அந்த ஞாயிறு வந்தது. காலைப் பூசைக்கும் போகாமல் எட்டு மணிக்கே குசினியில் நின்றேன். பன்றி இறைச்சி அடுப்பில், சிவப்பு முட்டைக்கோவா ஒரு பக்கம், உருளைக்கிழங்கு உருண்டைக்குக் கிழங்கு மலையாகக் குவிந்து கிடந்தது. ஒரு மணிக்குப் போட்டி. பன்னிரண்டரைக்கு வெளியே ஒரு சத்தம். எங்கள் நாலாவது ஆள், கார் விற்கிற மனிதர், இரண்டு கையிலும் சூடான வைனோடு படியிறங்கி, உறைந்த படியில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். நான் நெஞ்சில் கை வைத்தேன். அவருக்காக அல்ல, ஒளிக்காமல் சொல்கிறேன்.

பல் டாக்டர் அம்மா பனிச் சப்பாத்தோடு, நான் அப்போதுதான் துடைத்த நிலத்தில் ஏறி நேரே என்னிடம் வந்தார். "வாருங்கோ" என்றார்.

சமையல்காரர் திரும்பினார். "அவள் போனால் கிழங்கு உரிக்கிறது ஆர்?"

"நீங்கள்" என்று அம்மா சொன்னார். அவர் கத்தியை எடுத்தார்.

எதிர்ப்பக்கத்துத் தலைவர் ஒரு நொத்தாரிசு, பத்திரம் எழுதிப் பதிகிறவர். மினுங்குகிற சப்பாத்து, மடிப்புக் குலையாத கால்சட்டை, நாலு வருஷமாகத் தோற்காத முகம். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். என் ஏப்ரனையும் பார்த்தார்.

"இவ கிளப் உறுப்பினர் இல்லையே."

"வாசலிலை சட்டம் தொங்குது. வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ" என்றார் அம்மா.

மனிதர் உண்மையிலேயே போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே ஒருமுறை, பிறகு இன்னொரு முறை வாசித்தார். பக்கத்துக்கு நாலு பேர் என்று இருந்தது. நாலு உறுப்பினர் என்று இல்லை. எழுத்தில் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல அவருடைய தொழில் விடவில்லை. திரும்பி வந்து, "எழுதியிருக்கிற மாதிரி நடக்கட்டும்" என்றார். எழுதியிருக்கிற மாதிரியே எல்லாம் நடக்கவேண்டும் என்றுதான் நானும் மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு சுற்றும் போய்விட்டது. அறுபது பேர் கரையில் நின்று பார்க்க நான் அவசரப்பட்டேன். என் முதல் ஸ்டொக் பாதையை விட்டே வெளியே போய்ப் பனிக்குள் குத்தியது. நொத்தாரிசின் ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நல்லதாய்ப் போயிற்று. எனக்குச் சூடு ஏறினால்தான் கை நிதானமாகும், அது பிறவிக் குணம். மூன்றாம் சுற்றில் அவர்களுடைய ஸ்டொக் ஒன்றை விலாவில் அடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்திலேயே நின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நாலாம் சுற்றும் எங்களுக்கு. ஐந்து அவர்களுக்கு. ஆறாவதில் பல் டாக்டர் அம்மா தானே அவர்களுடைய ஸ்டொக் ஒன்றைத் தட்டி வெளியே அனுப்பினார். பல்லுப் பிடுங்கின கையல்லவா. மூன்றுக்கு மூன்று.

குசினி ஜன்னலுக்குள்ளால் மணிக்கூடு தெரியும். மூன்றுக்குப் பத்து நிமிஷம். அண்ணையின் ரயில் இப்போது ஒஸ்திரிய எல்லைக்குக் கிட்ட எங்கேயோ மலைக்குள் வந்துகொண்டிருக்கும்.

ஏழாம் சுற்றில் நொத்தாரிசு கடைசியாகப் போட்ட ஸ்டொக் மிக வடிவாக வந்து, குட்டிக்கு முன்னால் நாலு விரல் தள்ளி நின்றது. குட்டியின் இடது பாதியை அது மறைத்தது, வலது பாதி மட்டும் எனக்குத் தெரிந்தது. அவர்கள் நாலு பேரும் போட்டு முடித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மூன்று பேர் முடித்தாயிற்று. ஒன்று முன்னால் படுத்துவிட்டது. மற்ற இரண்டும் பலம் கூடிக் குட்டியைத் தாண்டிப்போய், இடது பின்மூலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மிச்சம் நான் ஒருத்தி. அவர்களுடைய ஸ்டொக்குக்கும் குட்டிக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்த எந்த மனிதராலும் ஏலாது. கரையில் ஒருவர் "முடிஞ்சுது" என்று சொன்னது கேட்டது. நொத்தாரிசு கையுறையைக் கழற்றத் தொடங்கினார்.

எனக்கு அது இன்னும் முடியவில்லை. வலது ஓரத்தில் பட்டால் குட்டி இடப்பக்கம் பின்னால் ஓடும். அங்கேதான் எங்கள் இரண்டு ஸ்டொக்கும் நிற்கின்றன. மெல்லப் பட்டால் போய்ச் சேராது. பலம் கூடினால் சதுரத்தை விட்டு வெளியே பறந்து, திரும்ப நடுவுக்கு, நொத்தாரிசின் மடிக்கே வரும். அண்ணை எனக்கு எதிரே போர்ட்டின் மற்றப் பக்கத்தில் குந்தியிருந்து, "அவசரப்படாதை, அடிக்க முன்னம் மூச்சை விடு" என்று சொல்வார். மூச்சை விட்டேன். கோடு பார்க்கவில்லை, குந்தவுமில்லை. ஒரு அடி முன்னால் வைத்து விட்டேன்.

ஸ்டொக் நேரே போனது. நொத்தாரிசின் ஸ்டொக்கை உரசாமல் தாண்டியது. டக் என்று ஒரு சின்னச் சத்தம். குட்டி இடப்பக்கம் சரிந்து, வழுக்கி, வழுக்கி, எங்கள் இரண்டு ஸ்டொக்குக்கும் இடையில் போய் நின்றது. ஒரு கணம் ஒருவருக்கும் என்ன நடந்தது என்று விளங்கவில்லை. விளங்கிய முதல் ஆள் குசினி ஜன்னலில் நின்ற சமையல்காரர். கிழங்கும் கையுமாகப் போட்ட கூச்சலில் கரையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

நொத்தாரிசு நடந்து போய்க் குனிந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, அளக்கத் தேவையே இல்லாததை முறைப்படி இரண்டு முறை அளந்தார். எழும்பி, "சரியாக அடிச்சிருக்கிறீங்கள்" என்று எனக்குக் கை தந்தார். பெரிய மனிதர் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். பல் டாக்டர் அம்மா என்னைக் கட்டிப் பிடித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நான் வென்றுவிட்டேன். என்ன அழகான சொல் அது. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் பொறுத்துவிட்டேன், சமாளித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், வென்றுவிட்டேன் என்று அதுவரை சொன்னதில்லை.

விருந்து தயாராகி நாலு மணி ஆனதும் சமையல்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஏப்ரன் நாலை எடுத்துவந்து அந்த நாலு பேரின் கழுத்திலும் தானே மாட்டிவிட்டார். படம் எடுக்கிறவர் வந்து நின்றார். "படம் பிறகு. முதலிலை கடைசிச் சட்டி முடியட்டும்" என்று அவரைக் கதவுக்கு வெளியே விட்டார். நான் என் கோட்டை எடுக்கப் போனேன். பல் டாக்டர் அம்மா கையைப் பிடித்து, நீள மேசையில் தனக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். பத்து நிமிஷம் இருக்கிறது, சாப்பிடாமல் ஒருவரும் இங்கேயிருந்து போகமுடியாது என்றார்.

அந்த மேசையை ஆயிரம் தரம் துடைத்திருக்கிறேன், அதில் இருந்தது அன்றைக்குத்தான். நொத்தாரிசு ஏப்ரனோடு வந்து பொன் கரைக் கோப்பையை எனக்கு முன்னால் வைத்தார். இறைச்சி, உருண்டை, சிவப்புக் கோவா. "நல்லாய்ச் சாப்பிடுங்கோ" என்றார். சாப்பிட்டேன். எவ்வளவு ருசி என்று கேட்கிறீர்களா? தொண்டைக்குள் போனதே தெரியாது, கண் மணிக்கூட்டில் இருந்தது. ஆனாலும் ஒரு துண்டும் மிச்சம் விடவில்லை. பிறகு எழும்பிக் குசினிக்குள் போனேன். பழக்கதோஷம், கோப்பையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அங்கே நொத்தாரிசு சட்டையை முழங்கை வரைக்கும் சுருட்டிக்கொண்டு, நீளக் கால் கிளாஸ்களைக் கொதிக்கிற தண்ணீருக்குள் போடப் போனார்.

"அதுக்குள்ளை போடாதேங்கோ, வெடிக்கும். முதல் இளஞ்சூட்டுத் தண்ணி, பிறகு அது. துடைக்கிறதுக்கு அந்த நீலத் துணி. சட்டி அடிப் பிடிச்சிருந்தால் சுரண்டாதேங்கோ, ஊற விடுங்கோ" என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம்" சொன்னார். என் கோப்பையை அவருடைய தொட்டிக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

எஸ்-பானுக்குப் போகும் வழி மைதானத்தைச் சுற்றி. புல்லுக்குக் குறுக்கே வேலைக்காரர் நடக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம், பனி மூடிக் கிடந்தாலும் நாங்கள் சுற்றித்தான் போவோம். அன்று நேரம் நாலே கால், அடுத்த எஸ்-பானை விட்டால் ஐந்து ஐம்பதுக்குப் போய்ச் சேர ஏலாது. பதினெட்டாம் குழியின் கொடிக்கம்பத்தைத் தாண்டி, முழங்கால் பனிக்குள் நேரே குறுக்கே நடந்தேன். பத்து நிமிஷம் மிச்சம். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைத் தரையில் என் கால் தடம் வடிவாகத் தெரிந்திருக்கும், தெரியட்டும். ரயில் கதவு மூடுகிற சத்தத்தோடு உள்ளே விழுந்தேன். இருக்கையில் இருந்த பிறகுதான் பார்த்தேன், ஏப்ரனைக் கழற்றாமல் மேலே கோட்டைப் போட்டிருக்கிறேன்.

மியூனிக் பெரிய நிலையத்தில் இவரும் பிள்ளையும் மேடைத் தலைப்பில் நின்றார்கள். இவர் என்னைக் கண்டதும் எதிரே வந்தார். "விட்டவையோ?" என்று கேட்டார். "வெண்டு போட்டு வந்தனான்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கப்படுத்த நேரம் இல்லை, ரயில் வந்துவிட்டது.

சனம் இறங்கி எங்களைக் கடந்து போனது. முன்தலை வழுக்கை விழுந்த ஒரு மனிதர், தோளில் பை, கையில் கயிறு கட்டிய சூட்கேஸ். நேரே இவரைப் பார்த்து வந்தார்; படத்தில் பார்த்திருக்கிறார். என்னைக் கடந்து ஒரு அடி போய்விட்டார். அவர் விட்டுவந்த தங்கச்சிக்குப் பதினேழு வயது, இரட்டைப் பின்னல். நான் "அண்ணை" என்றேன். நின்றார். திரும்பவில்லை. அப்படியே சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"நீ வரமாட்டாய் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். பிள்ளை என் கோட்டைப் பிடித்து இழுத்து, "அம்மா, இவரோ மாமா?" என்று கேட்டாள். அவளுக்கு ஐந்து வயது. என் பக்கத்துச் சொந்தத்தில் ஒருவரை அவள் அதுவரை நேரில் கண்டதில்லை. அண்ணை அவளைத் தூக்கிக்கொண்டார், ரயில் ஏறும் வரைக்கும் இறக்கவே இல்லை.

கோப்பிக் கடையில் இருந்தபோது முகம் துடைக்கக் கைலேஞ்சி எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விட்டார். மடித்த ஒரு கடிதமும் சேர்ந்து வந்து மேசையில் விழுந்தது. மேலே என் பெயர். நான் கை நீட்டினேன். அவர் முந்திக்கொண்டு எடுத்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

"நீ வராட்டில் உன்ரை மனுசனிட்டைக் குடுக்கலாம் எண்டு ரயிலிலை இருந்து எழுதினது. பத்துப் பக்கம். இனி என்னத்துக்கு?"

பிறகு வாயால் சொல்லத் தொடங்கினார். ஒன்பது வருஷத்தையும் சொன்னார், நான் இடையில் புகுந்து என்னுடையதைச் சொன்னேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். இவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் கேட்கவில்லை. ரயில் நகரத் தொடங்கிய பிறகும் ஜன்னலுக்குள்ளால் சொல்லிக்கொண்டே போனார். ஒன்பது வருஷமும் அண்ணை எழுதிய அத்தனை கடிதத்தையும் எழுத்துத் தேய வாசித்திருக்கிறேன். நான் வாசிக்காதது அந்த ஒன்றுதான்.